வாரத்துக்கு எத்தனை நாள் ஜியு ஜிட்சு மேட்ல ஏறணும்? ஒண்ணா, ரெண்டா, மூணா, அஞ்சா

ரெண்டு வாரம் முன்னாடி எங்க ஜியு ஜிட்சு க்ளாஸுக்கு (தரைல மேட் விரிச்சு, ஆள கட்டிப் பிடிச்சு உருண்டு மடக்கற சண்டைக் கலை) ஒரு தம்பி புதுசா வந்தான், 34 வயசு, ஐடி வேலை, வீட்ல 8 மாசக் கைக்குழந்தை. பெல்ட்ட தலைகீழா கட்டிக்கிட்டு வார்ம்-அப்லயே மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்தவன் க்ளாஸ் முடிஞ்சதும் கோச்கிட்ட போய் "வாரத்துக்கு எத்தனை நாள் வந்தா போதும்"னு கேட்டான். கோச் சிரிச்சிக்கிட்டே "எவ்ளோ முடியுதோ அவ்ளோ வா"ன்னுட்டாரு. தப்பான பதில்னு சொல்ல முடியாது, ஆனா அத வச்சு ஒண்ணும் பண்ணவும் முடியாது, ஏன்னா கல்யாணம் ஆகி குழந்தை இருக்கறவனுக்கு "எவ்ளோ முடியும்"ங்கறது தான் கேள்வியே. வண்டி ஸ்டாண்ட்ல நின்னு அவனுக்கு நான் ஏதோ அரைகுறையா சொன்னேன். அத கொஞ்சம் நிதானமா இங்க எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் கோச் இல்ல. எனக்கு 39 வயசு, சென்னை, பிரேசிலியன் ஜியு ஜிட்சு ஆரம்பிச்சு 5 வருஷம் ஆகுது, ப்ளூ பெல்ட் (வெள்ளைக்கு அடுத்தது, அதுக்கு மேல பர்ப்பிள், ப்ரவுன், ப்ளாக்). ஆனா வாரத்துக்கு அஞ்சு நாள், ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள்னு எல்லாக் கணக்கும் என் ஒடம்புலயே போட்டுப் பார்த்தவன், அந்த வகையில பேச கொஞ்சம் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன்.

மொதல்ல ஒரு க்ளாஸோட உண்மையான விலை என்னன்னு பாருங்க. போர்டுல 1 மணி நேரம்னு தான் போட்டிருக்கும். நான் சாயங்காலம் போயிட்டிருந்தப்ப ஏழரை மணி க்ளாஸுக்கு சோழிங்கநல்லூர்ல ஆறரைக்கு ஆபீஸ விட்டுக் கெளம்பணும், ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல நீச்சல் அடிச்சு திருவான்மியூர் பக்கம் போய், க்ளாஸ் முடிச்சு, ரெண்டு பேர்கிட்ட கத அளந்து, மேடவாக்கம் வீட்டுக்குள்ள கால் வைக்கிறப்ப பத்து ஆயிருக்கும். ஆக 1 மணி நேர க்ளாஸுக்கு மூணரை மணி நேரம். மூணு நாள்னா பத்தரை மணி நேரம், அஞ்சு நாள்னா கிட்டத்தட்ட ரெண்டு ஆபீஸ் நாள். இந்த கணக்க போடாம "வாரம் அஞ்சு மணி நேரம் தானே, அத கூட ஒதுக்க முடியாதா"ன்னு வீட்ல பேசி மாட்டிக்காதீங்க, நான் மாட்டியிருக்கேன்.

அப்புறம் துணி. இத வெளியூர்க்காரன் எவனும் சொல்ல மாட்டான். கீன்னு சொல்ற அந்த தடி காட்டன் சட்டையும் பேன்ட்டும் சென்னை வேர்வைல நனைஞ்சா ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். அன்னிக்கு ராத்திரியே தொவைக்கலன்னா அந்த நாத்தம் ஜென்மத்துக்கும் போகாது. ஏப்ரல் மே-ல பிரச்சனை இல்ல, மொட்ட மாடில போட்டா ரெண்டு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிடும். நவம்பர் மழைல ரெண்டு நாள் ஆனாலும் கழுத்துப் பட்டி காயாது. ஆக கையில ஒரே ஒரு கீ இருந்தா மழைக்காலத்துல நீங்க வாரத்துக்கு எத்தனை நாள் போறதுன்னு முடிவு பண்றது நீங்க இல்ல, உங்க வீட்டுக் கொடிக்கயிறு. மூணு நாள் போகணும்னா ரெண்டு கீ வேணும், இல்லன்னா ஒரு நாள கீ போடாத நோ-கீ க்ளாஸா மாத்திக்கணும், அதுக்குப் போடற ராஷ்கார்டுங்கற ஒட்டின பனியன் ஃபேன் காத்துலயே காஞ்சிடும்.

ஈரம்னு சொன்னதும் ஞாபகம் வருது, படர்தாமரை. நம்ம ஊர் புழுக்கத்துக்கு இது மேட்ல வர்றவனுக்கு எல்லாம் ஒரு தடவையாவது எட்டிப் பாக்கும். சரியா காயாத கீய மறுநாளும் போட்டா சொல்லவே வேணாம். வந்துட்டா மேட்ட விட்டு எறங்கிடுங்க, தோல் டாக்டர பாருங்க. மெடிக்கல் ஷாப்ல சும்மா கேட்டு வாங்குற க்ரீம்ல பாதி ஸ்டீராய்டு கலந்தது, போட்ட ரெண்டு நாள் நல்லா ஆன மாதிரி இருக்கும், அப்புறம் இடுப்பு பூரா பரவும். ஆறின பிறகு வாங்க. "லேசா தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு வர்றவன் மத்த பதினஞ்சு பேருக்கும் கொடுத்துட்டுப் போவான்.

இப்ப ஒடம்பு. ஜிம்ல வெயிட் தூக்குறவங்க சில பேர் "நான் வாரம் ஆறு நாள் ஜிம் போறேன், இது என்ன பெரிய விஷயம்"னு வருவாங்க. டம்பெல் உங்கள எதிர்க்காது பாஸ். இங்க 80 கிலோ ஆள் உங்க நெஞ்சு மேல படுத்துக்கிட்டு உங்க கழுத்த தேடுவான். ஒரு ரோல்னா (ஜோடி சேர்ந்து நிஜமா மல்லுக்கட்டறது) எங்க க்ளாஸ்ல 5 நிமிஷம். ஐபிஜேஜேஎஃப்ங்கற சர்வதேச ஜியு ஜிட்சு கூட்டமைப்பு நடத்தற போட்டிலயே பெரியவங்களுக்கு வெள்ளை பெல்ட்னா 5 நிமிஷம் தான், ப்ளாக் பெல்ட்னா 10. அஞ்சு நிமிஷமாங்கறவங்க ஒரு தடவ வந்து பாருங்க, ரெண்டாவது நிமிஷத்துல கடிகாரம் நின்னு போச்சோன்னு தோணும். மறுநாள் தெரியாத வலி அதுக்கு மறுநாள் தான் முழுசா தெரியும், சதை வலி பெரும்பாலும் ஒரு நாள்ல இருந்து மூணு நாளுக்குள்ள தான் உச்சத்துக்கு வரும். சதை சீக்கிரம் ஆறிடும், விரல் மூட்டும் கழுத்தும் விலாவும் தான் ஆறாது. அந்த ஐபிஜேஜேஎஃப்காரங்களே 30 வயசு தாண்டினா 'மாஸ்டர் 1'னு தனியா பிரிச்சிடுவாங்க, 36ல மாஸ்டர் 2, 41ல மாஸ்டர் 3, இப்படியே 61 வரைக்கும் மாஸ்டர் 7னு போகும். மரியாதையான பேரு தான், ஆனா அர்த்தம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும்.

சரி, வாரத்துக்கு ஒரு நாள்ல இருந்து ஆரம்பிக்கலாம். "ஒரு நாள் வர்றதுக்கு வராமலே இருக்கலாம்"னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்கள நம்பாதீங்க. ஆனா ஒரு நாள்ல என்ன கெடைக்கும் என்ன கெடைக்காதுன்னு தெரிஞ்சு போங்க. பெரும்பாலான க்ளாஸ்ல இந்த வாரம் ஹாஃப் கார்ட்ங்கற பொசிஷன்னா அடுத்த வாரம் வேற ஏதோ போயிடும். நீங்க புதன்கிழமை கத்துக்கிட்ட கிமுரா பிடி (1951ல ரியோல ஹீலியோ க்ரேசிய இதே பிடில ஜெயிச்ச ஜப்பான்காரர் பேரத் தான் அதுக்கு வச்சிருக்காங்க) அடுத்த புதன்கிழமை வர்றப்ப கை எங்க வைக்கணும்னே மறந்திருக்கும். 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வைகள மனப்பாடம் பண்ணி பண்ணி தன் மறதிய தானே அளந்து எழுதி வச்சாரு, மொத நாள்லயே பெரும்பகுதி போயிடும், அப்புறம் மெதுவா தான் குறையும்னு. ஒடம்பு கத்துக்கறது எழுத்து மாதிரி இல்ல தான், ஆனாலும் என் அனுபவத்துல ஏழு நாள் இடைவெளிங்கறது வெள்ளை பெல்ட்டுக்கு ரொம்ப நீளம். மூச்சும் அப்படித்தான், ஒவ்வொரு க்ளாஸும் மொத க்ளாஸ் மாதிரியே இருக்கும்.

இன்னொன்னும் பார்த்திருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவ வர்றவங்க தான் வெறித்தனமா ரோல் பண்ணுவாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வாரம் தானேன்னு ஆறு ரோல் ஏழு ரோல்னு வரிசையா போவாங்க, கையால தட்டி தோல்விய ஒத்துக்க வேண்டிய எடத்துல பல்ல கடிச்சிக்கிட்டு இருப்பாங்க. எனக்கு முட்டி பிசகினது நான் ஒரு நாள் கணக்குல இருந்த காலத்துல தான், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, என் அவசரம்.

ஆனா ப்ளூ பெல்ட் தாண்டி நாலஞ்சு வருஷம் கையில இருக்கறவங்களுக்கு ஒரு நாள் நல்லாவே தாங்கும், வளராது ஆனா கரையவும் கரையாது. பொண்ணு பொறந்த வருஷம், அப்பா ஆஸ்பத்திரில இருக்கற மாசம், ப்ராஜெக்ட் ரிலீஸ் எல்லாம் ஒரு நாளுக்கு தான் லாயக்கு. புதுசா வர்றவங்களுக்கு ஒரு நாள் தான் சாத்தியம்னா ஒரு வேலை பண்ணுங்க, மூணு மாசத்துக்கு ஒரே ஒரு விஷயத்த மட்டும் பிடிச்சுக்கோங்க, உதாரணத்துக்கு சைட் கண்ட்ரோல்ல (எதிராளி பக்கவாட்டுல நெஞ்சு மேல படுத்து அமுக்கறது) இருந்து தப்பிக்கிறது. கோச் என்ன சொல்லிக் குடுத்தாலும் பண்ணுங்க, ஆனா ரோல்ல அத மட்டும் தேடுங்க. வீட்ல பாய விரிச்சு தெனம் பத்து நிமிஷம் ஷ்ரிம்ப்பும் (படுத்தபடி இடுப்ப தள்ளி நகர்றது) பிரிட்ஜும் (மல்லாந்து இடுப்ப தூக்கறது) போடுங்க. எங்கம்மா அத பார்த்துட்டு "மாசம் நாலாயிரம் குடுத்து பாய்ல பொரள்றதுக்கா போற"ன்னு கேட்டாங்க, பதில் இல்ல. ஆனா அந்த நாலாயிரத்த ஒரு நாள் கணக்குல பார்த்தா ஒரு க்ளாஸ் ஆயிரம் ரூபா, ரெண்டு நாள்னா ஐந்நூறு, மூணு நாள்னா முன்னூத்தி சொச்சம். இந்த கணக்க வச்சு மூணு நாள் போக ஆரம்பிச்சவங்களும் இருக்காங்க, பிசியோதெரபிக்கு அதுக்கு மேல குடுத்தவங்களும் இருக்காங்க.

ரெண்டு நாள். என்ன கேட்டா நேரம் இல்லாத ஆளுக்கு இங்க தான் விஷயமே ஆரம்பிக்குது. ஆனா எந்த ரெண்டு நாள்ங்கறது எண்ணிக்கைய விட முக்கியம். சனி ஞாயிறு ரெண்டும் சேர்த்து போறவங்க நிறைய, ஏன்னா அப்ப தான் லீவு. அது காகிதத்துல ரெண்டு நாள், உண்மையில ஒண்ணேகால் நாள், ஞாயித்துக்கிழமை ஏற்கனவே அடிபட்ட ஒடம்போட உருண்டுட்டு அப்புறம் அஞ்சு நாள் காணாம போயிடுவீங்க. செவ்வாய்-வெள்ளி, திங்கள்-வியாழன், புதன்-சனி இப்படி நடுவுல ரெண்டு மூணு நாள் விட்டு வச்சா செவ்வாய் கத்துக்கிட்டது மறக்கறதுக்குள்ள வெள்ளி வந்துடும், வலியும் அதுக்குள்ள அடங்கியிருக்கும்.

எங்க இடத்துல சனிக்கிழமை காலைல ரெண்டு க்ளாஸ் தொடர்ச்சியா இருக்கு, ரெண்டையும் ஒரே மூச்சுல முடிச்சிட்டு "இந்த வார கோட்டா ஓவர்"னு போறவங்க உண்டு. இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி ஞாபகம் வரும். 1978ல வெளிவந்தது, இங்கிலாந்து தபால் ஊழியர்களுக்கு டைப்பிங் கத்துக் குடுக்கறத பத்தி ஆலன் பேட்லியும் இன்னொருத்தரும் பண்ணது. ஒரு குழுவுக்கு தெனம் ஒரு மணி நேரம் மட்டும், இன்னொரு குழுவுக்கு தெனம் ரெண்டு தடவ ரெண்டு ரெண்டு மணி நேரம், நடுவுல இன்னும் ரெண்டு குழு. தெனம் ஒரு மணி நேரம் மட்டும் படிச்சவங்க தான் மொத்தத்துல கம்மியான மணி நேரத்துல கத்துக்கிட்டாங்க. ஆனா வேடிக்கை என்னன்னா அவங்களுக்கு தான் திருப்தியும் கம்மி, ஏன்னா நாள் கணக்குல பார்த்தா மத்தவங்க முன்னாடி போற மாதிரி இருந்துச்சு. டைப்பிங்கும் கழுத்த நெரிக்கறதும் ஒண்ணு இல்ல தான். ஆனா சனிக்கிழமை ரெண்டு க்ளாஸ் முடிச்சிட்டு போறவன் முகத்துல தெரியற திருப்தியும், செவ்வாய்-வெள்ளி வந்துட்டு போறவனுக்கு இருக்கற "நான் எங்க முன்னேறுறேன்"ங்கற சலிப்பும் எனக்கு அப்படியே பொருந்துது. திருப்திய வச்சு முடிவெடுக்காதீங்க.

ரெண்டு நாள்னா வருஷத்துக்கு 104 க்ளாஸ்னு மனசுல ஒரு கணக்கு வரும். நான் போன வருஷம் நோட்டுல குறிச்சு வச்சேன், வந்தது 71. தீபாவளி, பொங்கல், திருநெல்வேலில ரெண்டு கல்யாணம், புயல் எச்சரிக்கை, பொண்ணுக்கு காய்ச்சல், எனக்கு காய்ச்சல், ரிலீஸ், மறுபடி ரிலீஸ். ஆக ரெண்டுன்னு நெனைச்சா ஒண்ணரை கெடைக்கும், மூணுன்னு நெனைச்சா ரெண்டு கெடைக்கும். இது தான் எல்லா எண்ணிக்கைக்கும் பின்னாடி இருக்கற ரகசியம், அதனால யாராவது "நான் வாரம் மூணு நாள்"னு சொன்னா மனசுக்குள்ள ரெண்டுன்னு எழுதிக்கோங்க.

பெல்ட்ட பத்தி கேப்பீங்க. ரெண்டு நாள்ல (அதாவது ஒண்ணரைல) எனக்கு ப்ளூ வர ரெண்டே முக்கால் வருஷம் ஆச்சு. ப்ளாக் பெல்ட்டுக்கு பத்து வருஷம்னு பொதுவா சொல்லுவாங்க, ஐபிஜேஜேஎஃப் விதிப்படி ப்ளூல குறைஞ்சது 2 வருஷம், பர்ப்பிள்ல ஒன்றரை, ப்ரவுன்ல 1 வருஷம் இருந்தாகணும். பிஜே பென்னுன்னு ஒரு அமெரிக்க சண்டை வீரர் நாலு வருஷம் கூட ஆகாம ப்ளாக் பெல்ட் வாங்கி 2000ல பிரேசில்காரர் அல்லாத மொத ஆளா ப்ளாக் பெல்ட் பிரிவுல உலக சாம்பியன் ஆனாரு. அப்ப அவருக்கு இருபத்தி சொச்சம் வயசு, நாள் பூரா மேட்லயே கெடந்தவரு, இஎம்ஐ இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்.

இப்ப மூணு நாள். இங்க ஒண்ணு மாறும், அத ஒத்துக்கிட்டே ஆகணும். மொத நாள் புரியாம பண்ணி, ரெண்டாவது நாள் தப்பா பண்ணி, மூணாவது நாள் திடீர்னு கை தானா போயி பிடிக்கும். ரெண்டு நாள்ல இது மாசத்துக்கு ஒரு தடவ நடக்கும், மூணு நாள்ல வாரத்துக்கு ஒரு தடவ. மூச்சு வேற மாதிரி ஆகும். ஒருத்தன் நம்ம கார்ட (காலால போடற வேலிய) எப்படி பாஸ் பண்ணுவான், எந்தப் பக்கம் வருவான்னு ஆள ஆளா ஞாபகம் இருக்கும், அது தனி சுகம், சீட்டுக் கச்சேரில எதிராளி கைய படிக்கற மாதிரி. நான் மூணு நாள் ஒழுங்கா போன ஒரு எட்டு மாசம் தான் இந்த அஞ்சு வருஷத்துல நான் உண்மையா வளர்ந்த காலம், அதுல சந்தேகமே இல்ல.

அப்புறம் ஏன் எல்லாரையும் மூணுன்னு சொல்லலன்னா, வீட்ட ஒடைக்கிறது எப்பவும் அந்த மூணாவது நாள் தான். மொத ரெண்டு நாள வீட்ல "சரி, அவனுக்கும் ஏதாவது வேணும்ல"ன்னு விட்டுடுவாங்க. எனக்கு மூணாவது நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலமா இருந்துச்சு, ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றேன், ஹால் பூரா தெர்மாகோல் துண்டு, பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட் சூரியக் குடும்பம், வீட்டம்மா ஒத்தை ஆளா சனி கிரகத்துக்கு வளையம் ஒட்டிக்கிட்டு இருக்கா. ஒண்ணும் சொல்லல. "சாப்பாடு மூடி வச்சிருக்கு"ன்னு மட்டும் சொன்னா. அந்த அமைதி எந்தக் கழுத்து நெரிப்ப விடவும் கஷ்டம்.

ஒடம்புக்கும் மூணாவது நாள் தான் சிக்கல். இங்க தான் எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்ச விஷயம், ஒடம்பு நாள எண்ணாது, வெறி ரோல தான் எண்ணும். வார்ம்-அப்பும் டெக்னிக்கும் ட்ரில்லும் நம்மள கொல்லாது, ஒன்னோட ஒன்னு உயிரக் குடுத்து மல்லுக்கட்டற ரோல் தான் விரலையும் கழுத்தையும் காலி பண்ணும். எனக்கு வாரத்துக்கு பத்து அப்படிப்பட்ட ரோல் தான் எல்லை, பதினொண்ணாவதுல ஏதாவது ஒண்ணு பிடிச்சிக்கும். உங்களுக்கு எட்டா இருக்கலாம் பதினஞ்சா இருக்கலாம், ரெண்டு மாசம் குறிச்சு வச்சா தெரிஞ்சிடும். அந்த பத்த ரெண்டு நாளா அஞ்சு அஞ்சுன்னு பிரிக்கலாம், மூணு நாளா நாலு, ரெண்டு, நாலுன்னும் பிரிக்கலாம். என் ஓட்டு ரெண்டாவதுக்கு. நடு நாள்ல ட்ரில், பொசிஷன் ரோல் (ஒரே ஒரு நிலைல இருந்து மட்டும்), இல்லன்னா பர்ப்பிள் பெல்ட் அண்ணன் யாராவது கெடைச்சா பலம் போடாம நிதானமா ஒரு ஃப்ளோ. காலேஜ் பசங்க வந்து "அண்ணா ரோல் பண்ணலாமா"ன்னு கேப்பாங்க, அந்த அண்ணாங்கற மரியாதைல மயங்கிடாதீங்க, அடுத்த அஞ்சு நிமிஷம் அதுல துளி கூட இருக்காது. "இன்னிக்கு வேணாம்ப்பா, வெள்ளிக்கிழமை பண்ணலாம்"னு சொல்றதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

மூணாவது நாள வெயிட்டுக்கு குடுக்கலாமாங்கறதும் நல்ல கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவுப்படி பெரியவங்களுக்கு வாரத்துக்கு 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையான உடற்பயிற்சி, கூட குறைஞ்சது ரெண்டு நாள் தசைக்கு பலம் குடுக்கற பயிற்சி. ரெண்டு ஜியு ஜிட்சு க்ளாஸ்லயே மொத பாதி முடிஞ்சிடும். 35 தாண்டி, இதுவரைக்கும் ஒடம்பே அசைக்காம நாற்காலில தேய்ஞ்சவங்கன்னா மொத வருஷம் ரெண்டு நாள் மேட், கூட ஒண்ணு ரெண்டு நாள் வீட்லயே ஸ்குவாட், புல்-அப், கழுத்துக்கு ஏதாவது, இது மூணு நாள் மேட்ட விட நல்லதுன்னு தான் எனக்குப் படுது. முதுகுக்கும் முட்டிக்கும் சுத்தி கொஞ்சம் சதை இருந்தா தான் மேல விழற 80 கிலோவ தாங்கும். மேட்ல ஏறினா தானா பலம் வந்துடும்னு நானும் நெனைச்சேன், வந்தது கைப்பிடி பலம் மட்டும் தான், ஊறுகா பாட்டில் தெறக்க உதவுது.

அஞ்சு நாள் ஆறு நாள பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல. நான் ஆரம்பிச்ச மொத நாலு மாசம் அப்படித்தான் போனேன், புது மாப்ள மாதிரி, ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோ, கனவுல ட்ரையாங்கிள் (காலால கழுத்த நெரிக்கிற பிடி). நாலாவது மாச கடைசில விலாவுல டக்குன்னு ஒரு சத்தம். ஆறு வாரம் தும்ம முடியல, சிரிக்க முடியல, ஸ்பீட் பிரேக்கர பார்த்தாலே பயம். திரும்பி வர தைரியம் வர்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம். மொத்தமா கூட்டி வகுத்தா அந்த காலத்துக்கும் வாரம் மூணுக்கு கொஞ்சம் கீழ தான் வருது, வலி இலவசம். போட்டிக்கு ரெண்டு மாசம் இருக்கு, இல்ல 22 வயசு, இல்ல க்ளாஸ் உங்க தெருவுலயே இருக்குன்னா போங்க, தாராளமா.

"அந்த அமெரிக்க சமையல்காரர், டிவில ஊர் ஊரா சுத்தினவர், ஆண்டனி போர்டெய்ன் 58 வயசுல ஆரம்பிச்சு தெனமும் பண்ணாரே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு. ஆமா, பண்ணாரு, 2016ல நியூயார்க்ல நடந்த போட்டில அவர் வயசுப் பிரிவுல தங்கமும் அடிச்சாரு. எந்த ஊருக்கு ஷூட்டிங் போனாலும் அங்க எங்க மேட் இருக்குன்னு தேடிப் போனவரு அவரு. வாழ்க்கைய அத சுத்தி அடுக்கிக்க முடிஞ்சவருக்கு வயசு ஒரு தடையா இல்ல. இன்னொரு பக்கம் மார்க் ஸக்கர்பெர்க், 2023 மே மாசம் ஜியு ஜிட்சு போட்டில மெடல் வாங்கினவரு அதே நவம்பர்ல சண்டைப் பயிற்சில முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல்ங்கற தசைநார் கிழிஞ்சு ஆபரேஷன் டேபிள்ல படுத்துட்டாரு. அவருக்கு கார், டாக்டர், பிசியோ எல்லாம் வீட்டுக்கே வரும். நமக்கு முட்டி போனா ஆக்டிவாவ ஸ்டாண்ட் போடவே ஆள் வேணும், அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது.

காலையா சாயங்காலமாங்கற கேள்வி எத்தனை நாள்ங்கறத விட சில பேருக்கு முக்கியமா இருக்கும். சாயங்கால க்ளாஸ தின்னுட்டுப் போக ஆயிரம் பேய் இருக்கு, அமெரிக்கா கால், திடீர் டிக்கெட், மழை, ட்ராஃபிக். முடிச்சிட்டு வந்தாலும் ஒடம்பு சூடு அடங்காது, பன்னண்டரை வரைக்கும் கண்ண மூடினா யாரோ முதுகுப் பக்கம் ஏறிப் பிடிக்கற மாதிரியே இருக்கும். சாப்பாடும் இழுபறி, ஒரு தடவ பசி தாங்காம வழில ரெண்டு பரோட்டா சாப்ட்டு போயி நீ-ஆன்-பெல்லில (வயித்து மேல முட்டிய வச்சு அமுக்கறது) மாட்டினேன், அத இங்க விவரிக்க வேணாம். காலை 6 மணி க்ளாஸ தின்ன ஒரே பேய் தான், சோம்பேறித்தனம். வீட்ல எல்லாரும் தூங்கற நேரம், யாருக்கும் கடன் இல்ல, ரோடு காலி, மூணரை மணி நேரம் ரெண்டு மணி நேரமா சுருங்கிடும். ஆனா ராத்திரி பத்தரைக்கு படுக்கணும், அது முடியாதவங்க காலைல வந்து தூக்கக் கலக்கத்துல உருண்டு அடிபடறத விட சாயங்காலமே வரலாம். நான் காலைக்கு மாறினதுக்கு அப்புறம் தான் ரெண்டு நாள் உண்மையான ரெண்டு நாளா ஆச்சு. இப்ப செவ்வாய், வெள்ளி காலை கட்டாயம், ஞாயிறு ஓப்பன் மேட் (பாடம் இல்லாம ரோல் மட்டும்) கெடைச்சா லாபம், அதுவும் வீட்ல கேட்டுட்டு, சனிக்கிழமையே காய்கறி வாங்கி வச்சிட்டு.

அந்த தம்பிக்கு வண்டி ஸ்டாண்ட்ல நான் சொன்னது இவ்ளோ தான். மூணு மாசம் செவ்வாயும் சனியும் மட்டும் வா, சனிக்கிழமை ஒரே ஒரு க்ளாஸ், ஒரு க்ளாஸுக்கு மூணு ரோலுக்கு மேல வேணாம், ரெண்டாவது கீ இப்ப வாங்காத. உன் நல்ல வாரத்த வச்சு நாள் எண்ணாத, குழந்தைக்கு தடுப்பூசி போட்டு ராத்திரி பூரா அழுத வாரத்துல எத்தனை நாள் வர முடியுமோ அது தான் உன் எண்ணிக்கை, மிச்சம் எல்லாம் போனஸ். "அந்த மாதிரி வாரத்துல ஒரு நாள் கூட வராதேண்ணா"ன்னான். அப்ப ஒண்ணுல இருந்து ஆரம்பின்னேன்.

மொத வாரம் செவ்வாய் வந்தான், சனி வரல, கேட்டா பாப்பாவுக்குப் பல்லு மொளைக்குதாம். இந்த செவ்வாயும் வந்தான். பெல்ட் இன்னும் தலைகீழா தான் கட்டியிருந்தான், ஆனா மூணாவது ரோல் முடிஞ்சதும் தானா எந்திரிச்சு ஓரமா போயி தண்ணி குடிச்சிட்டு உக்காந்துட்டான்.